பி.காம் மாணவருக்கு இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எதற்கு?

கேள்வி இதுதான்: "பி.காம் இரண்டாம் வருடம். இந்த செமஸ்டரில் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று ஒரு பேப்பர் இருக்கிறது. நான் கோடிங் எழுதப் போவதில்லை, ஐடி கம்பெனிக்கும் போகப் போவதில்லை. அக்கவுண்ட்ஸ் அல்லது ஃபைனான்ஸ் பக்கம்தான் வேலை தேடுவேன். இதைப் பாஸ் ஆகிற அளவுக்குப் படித்தால் போதாதா?"

போதாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தை நடத்துகிற விதமே பிள்ளைகளுக்கு வெறுப்பை உண்டாக்கிவிடுகிறது. ஒரு முக்கோணம் வரைந்து அதில் கீழிருந்து மேலாக நாலு சிஸ்டம் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பண்புகளை மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு வந்தால் முடிந்தது. அந்த முக்கோணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் வேலையில் ஒன்றும் செய்ய முடியாது, அது உண்மை. ஆனால் பாடம் அந்த முக்கோணம் கிடையாது.

ஒரு நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாம், எந்த பில்லை யார் பாஸ் செய்யலாம், சரக்கு எவ்வளவு குறைந்தால் ஆர்டர் போடலாம், எவ்வளவு சேதாரத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதெல்லாம் ஒரு காலத்தில் முதலாளி தலையிலும் கணக்குப்பிள்ளை தலையிலும் இருந்தது. இன்றைக்கு அதெல்லாம் மென்பொருளுக்குள் ஒரு கட்டத்தில் ஒரு எண்ணாக, ஒரு டிக் மார்க்காக உட்கார்ந்திருக்கிறது. அவை அத்தனையும் வியாபார முடிவுகள். அவற்றை உள்ளே ஏற்றுகிறவர் வியாபாரம் படித்தவர் இல்லை. அவர் கேட்கும்போது எதிரில் பதில் சொல்லத் தெரிந்த காமர்ஸ் ஆள் ஒருவர் இல்லையென்றால், ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு முடிக்க இன்னும் நூறு திரை இருக்கிறது.

நான் நடுத்தர நிறுவனங்களில் இஆர்பி (வாங்குவது, விற்பது, சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) போடும்போது அக்கவுண்ட்ஸ் தரப்பில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். திருப்பூரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் நூலைக் கிலோ கணக்கில் வாங்குவார்கள். அது நிட்டிங்குக்குப் போய் துணியாக வரும், அப்புறம் டையிங், காம்பாக்டிங், கடைசியில் கட்டிங். பெரும்பாலும் ஒவ்வொன்றும் வெளியே ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட். டெலிவரி சலான் போட்டு எடை போட்டு அனுப்பி, திரும்ப வரும்போது எடை போட்டு வாங்குவார்கள். 500 கிலோ போனால் 500 கிலோ வராது, 478 வரும். அந்த 22 கிலோ, அதாவது 4.4 சதவீதம், நியாயமான கழிவா இல்லையா என்று இன்வேர்ட் என்ட்ரி போடும்போது மென்பொருள் முடிவு செய்தாக வேண்டும். சாஃப்ட்வேர் பையன் கேட்டார்: "சார், எத்தனை பர்சென்ட் வரைக்கும் அலோ பண்ணலாம்?" எதிரில் இருந்தவர் ஷிப்மென்ட் டென்ஷனில் போனில் இருந்தார். "அஞ்சு போட்டுக்கோங்க" என்றார். போட்டாயிற்று. எல்லா நிறத்துக்கும், எல்லாத் துணிக்கும், எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு 5.

சில மாதங்கள் கழித்து யூனிட் வாரியாக ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால், முன்பு 3.2, 3.4 என்று கழிவு காட்டிக்கொண்டிருந்த இடங்களிலிருந்தும் 4.8, 4.9 வந்துகொண்டிருந்தது. 5-ஐத் தாண்டினால்தான் திரை சிவப்பாகும், மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார் என்பது வெளியே தெரிந்துவிட்டது. இதில் திருட்டு என்று யாரையும் கைகாட்ட முடியாது. கழிவு நிறத்துக்கு நிறம் மாறும், துணிக்குத் துணி மாறும், பயோ வாஷ் சேர்ந்தால் இன்னும் கூடும். மாதம் 20,000 கிலோ ஓடுகிற இடத்தில் ஒன்றரை சதவீதம் என்றால் 300 கிலோ துணி. அந்த ஒரு கட்டத்தில் போட்ட ஒரு எண்ணின் விலை அது, மாதாமாதம்.

இப்போது உங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் பிராசஸ் காஸ்டிங் பாடத்தை எடுத்துப் பாருங்கள். நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று கணக்குப் போட்டிருப்பீர்களே, அதேதான் இது. கணக்கில் "நார்மல் லாஸ் 5%" என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். வேலையில் அந்த 5 எங்கிருந்து வருகிறது, நிறத்துக்கு ஒன்று, பிராசஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்க வேண்டுமா, அதை மாற்றுகிற உரிமை யாருக்கு, மாற்றினால் பழைய எண் எங்கே பதிவாகும் என்று கேட்பவர்தான் தேவை. அந்தக் கேள்விகளை சாஃப்ட்வேர் பையன் கேட்க மாட்டார், அவருக்கு நார்மல் லாஸ் என்றால் என்னவென்று தெரியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு, ஒரு மாஸ்டர் டேபிளில் (அடிப்படை விவரங்களை ஒரு முறை ஏற்றி வைக்கும் பட்டியலில்) ஒரு எண் எப்படி உட்காருகிறது, அது எந்தெந்த என்ட்ரியைத் தொடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பேப்பரின் உண்மையான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, இது சின்ன அளவு. பெரிய அளவில் ஒன்று பார்ப்போம்.

2018 பிப்ரவரி 14 அன்று பஞ்சாப் நேஷனல் வங்கி பங்குச் சந்தைக்கு ஒரு தகவல் கொடுத்தது. மும்பையில் ஒரு கிளையில் சுமார் 11,400 கோடி ரூபாய்க்கு மோசடியான பரிவர்த்தனைகள் நடந்திருக்கின்றன என்று. நீரவ் மோடி, மெகுல் சோக்சி என்ற பெயர்கள் அதற்கப்புறம் எல்லோருக்கும் தெரியும். தொகையும் பின்னால் 13,000 கோடியைத் தாண்டியது. செய்திகள் எல்லாம் வைர வியாபாரி, வெளிநாட்டுக்கு ஓட்டம் என்று போனதால் நடந்தது எப்படி என்பதைப் பலர் படிக்கவே இல்லை. அதுதான் நமக்கு வேண்டியது.

எல்ஓயு (லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங்) என்று ஒன்று இருந்தது. இங்கே உள்ள ஒரு இறக்குமதியாளருக்காக, வெளிநாட்டில் உள்ள இன்னொரு வங்கிக் கிளையிடம் "இவருக்குக் கடன் கொடுங்கள், அவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம்" என்று இங்குள்ள வங்கி சொல்கிற உறுதி. அந்த உறுதியை அனுப்புவது, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு வழியாக. வங்கியின் கணக்குப் புத்தகம் இருப்பது கோர் பேங்கிங் என்ற அதன் மைய மென்பொருளில். முறையாக நடந்தால், வாடிக்கையாளரிடம் மார்ஜின் (ஈடாக வைக்கும் பணம்) வாங்கி, அவருக்கு அனுமதித்த கடன் லிமிட்டைப் பார்த்து, கோர் பேங்கிங்கில் பொறுப்பைப் பதிவு செய்துவிட்டுத்தான் ஸ்விஃப்ட் செய்தி போக வேண்டும். ஆனால் அந்த வங்கியில் இரண்டு சிஸ்டமும் இணைக்கப்படவில்லை. ஸ்விஃப்டில் செய்தி அடிக்கிறவர் கோர் பேங்கிங்கில் ஒன்றும் பதியாமலே அனுப்பலாம். அந்தப் பக்கம் பணம் கொடுத்துவிடுவார்கள், இந்தப் பக்கம் லெட்ஜரில் ஒரு வரி கூட இருக்காது. தவணை வரும்போது இன்னொரு எல்ஓயு, அதை வைத்துப் பழையதை அடைப்பது. இப்படியே வருடக்கணக்கில் ஓடியிருக்கிறது என்பதுதான் புலனாய்வு அமைப்புகள் சொன்னது.

வெளியே வந்த விதத்தைக் கவனியுங்கள். பழைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். 2018 ஜனவரியில் நீரவ் மோடி தரப்பு நிறுவனங்களின் ஆட்கள் வழக்கம்போல வந்து கேட்டபோது, இருந்த அதிகாரி முழுத் தொகைக்கும் மார்ஜின் கேட்டார். இதற்கு முன்னால் மார்ஜின் இல்லாமலே கொடுத்திருக்கிறீர்களே என்றார்கள். பதிவேட்டைத் தேடிப் பார்த்தால், கொடுத்ததாக எதுவுமே இல்லை.

இதைத் தடுத்திருக்கக் கூடிய வேலை என்ன? ஒவ்வொரு நாளும் ஸ்விஃப்டில் போன செய்திகளின் பட்டியலையும் கோர் பேங்கிங்கில் உள்ள பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பது. பிளஸ் ஒன் அக்கவுண்டன்சியில் பேங்க் ரீகன்சிலியேஷன் போட்டவர்களுக்கு அந்த வேலை தெரியும். "இங்கே இரண்டு சிஸ்டம் இருக்கிறது, ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது, அதனால் ஒப்பிட்டே ஆக வேண்டும்" என்பது தெரிந்திருந்தால் மட்டுமே அதைச் செய்யத் தோன்றும். ஸ்விஃப்டைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து பற்றி 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பிறகு சொன்னது. பூதம் கிளம்பிய பிறகு, 2018 ஏப்ரல் 30-க்குள் எல்லா வங்கிகளும் இரண்டையும் இணைத்தாக வேண்டும் என்று கெடு வைத்தது. அந்த மார்ச் மாதமே எல்ஓயு கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. ஃபைனான்ஸ் பக்கம் போகிறேன் என்கிறீர்கள். வங்கியில் ஆடிட்டுக்கோ கிரெடிட்டுக்கோ போனால், இந்த இரண்டு சிஸ்டம் கேள்வியைத்தான் ஒவ்வொரு கிளையிலும் கேட்கப் போகிறீர்கள்.

சத்யம் கதையும் இதே வகைதான். 2009 ஜனவரி 7 அன்று அந்த ஐடி நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் பொய் இருப்பதாக ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை எல்லோரும் கார்ப்பரேட் கவர்னன்ஸ் பாடத்தில் படிப்பீர்கள். ஆனால் பொய் வருமானம் எப்படி உள்ளே நுழைந்தது என்று பாடத்தில் இருக்காது. நிறுவனத்தின் இன்வாய்ஸ் மேலாண்மை சிஸ்டத்தில் சூப்பர் யூசர் உரிமையை (மற்றவர்களுக்கு இல்லாத கூடுதல் அனுமதியை) வைத்து இன்வாய்ஸ்களை உருவாக்கி, பிசினஸ் பிரிவுகளின் பார்வைக்குத் தெரியாதபடி மறைத்து வைத்தார்கள். விற்பனைக் கணக்கில் மட்டும் அவை சேரும். அப்படி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்களை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். ஆடிட் என்றால் வவுச்சரைப் பார்ப்பது என்று மட்டும் படித்தவர் இதைப் பிடிக்க மாட்டார். "இந்த சிஸ்டத்தில் எத்தனை வகை யூசர் இருக்கிறார்கள், யாருக்கு எதை மறைக்க முடியும், இன்வாய்ஸ் எண் வரிசையில் இடைவெளி இருக்கிறதா" என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு வாய்ப்பாவது உண்டு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இப்போது நடைமுறையில் இருக்கும் எடிட் லாக் விதி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுண்டிங் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும், அது வருடம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். டேலியிலும் இதற்காகவே எடிட் லாக் பதிப்பு வந்தது. மார்ச் கடைசியில் பழைய தேதியில் வவுச்சரைத் திறந்து தொகையை மாற்றிவிட்டு மூடுகிற பழக்கம் நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று ஆடிட்டர் ஆபீசில் ஒரு மாதம் இருந்தவருக்குக் கூடத் தெரியும். இன்றைக்கு அப்படிச் செய்தால் பழைய தொகை, புதிய தொகை, மாற்றிய யூசர், நேரம் எல்லாம் நிற்கும். நாலு பேர் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போகிற ஆபீசில், மாற்றியது யார் என்ற இடத்தில் வெறும் "அட்மின்" என்று மட்டும் வரும், அங்கே அந்த லாக்குக்கு அர்த்தம் பாதி போய்விடுகிறது. கல்லூரி லேபில் டேலி இருந்தால் ஒரு வவுச்சரை மாற்றிவிட்டு அந்த லாக்கைத் திறந்து பாருங்கள், பத்து நிமிட வேலை.

வெளிநாட்டுக் கதை ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் டார்கெட் கடைகள் 2013-ல் கனடாவில் காலடி வைத்தன. இரண்டே வருடத்தில், 2015 ஜனவரியில், 133 கடைகளையும் மூடிவிட்டுக் கிளம்புவதாக அறிவித்தார்கள், 17,000-க்கும் அதிகமானவர்களுக்கு வேலை போயிற்று. காரணங்கள் பல உண்டு, ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்கள் பின்னால் பத்திரிகைகளுக்குச் சொன்னதில் திரும்பத் திரும்ப வருவது ஐட்டம் மாஸ்டர், அதாவது பொருட்களின் விவரப் பட்டியல். அவசர அவசரமாகப் பல்லாயிரம் பொருட்களின் விவரத்தை எஸ்ஏபி என்ற இஆர்பி மென்பொருளில் ஏற்றினார்கள். நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம், சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நாணயம் தப்பு. பெட்டி அளவு தப்பாக இருந்தால் ஷெல்ஃபில் எத்தனை அடங்கும் என்ற கணக்கு தப்பு, அது தப்பானால் எப்போது எவ்வளவு ஆர்டர் என்பதும் தப்பு. கிடங்கு பிதுங்கி வழிந்தது, கடையில் ஷெல்ஃப் காலி.

அதிலும் ஒரு விவரம் இருக்கிறது, அதை நான் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். சரக்கு இல்லை என்று தலைமை அலுவலக ரிப்போர்ட்டில் சிவப்பாக வந்தால் திட்டு விழும். சிலர் அந்தப் பொருளுக்கு ஆட்டோ ரீப்ளெனிஷ்மென்ட் (சரக்கு குறைந்தால் தானாக ஆர்டர் போடுவது) சுவிட்சை அணைத்துவிட்டால் அது ரிப்போர்ட்டிலேயே வராது என்று கண்டுபிடித்தார்கள். அணைத்தார்கள். மேலே இருப்பவர்களுக்குக் கடைகள் நன்றாக நிறைந்திருப்பதாகத் தெரிந்தது. மேனேஜ்மென்ட் படிப்பில் மோட்டிவேஷன், இன்சென்டிவ் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறீர்கள். மனிதர்கள் எதை வைத்து அளக்கப்படுகிறார்களோ அதை வளைப்பார்கள் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள், ஆனால் எந்தத் திரையில் எந்த சுவிட்சில் வளைப்பார்கள் என்பது இந்தப் பாடத்தில்தான் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "சுவிட்ச் அணைத்த பொருட்கள் எத்தனை?" என்று இன்னொரு வரி கேட்டிருப்பார்.

ஜெர்மனியின் லிடில் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் கதை இன்னும் சுருக்கம். ஏழு வருடம் எஸ்ஏபி போட முயன்று, சுமார் 50 கோடி யூரோ செலவுக்குப் பிறகு 2018-ல் கைவிட்டதாகச் செய்திகள் வந்தன. அதில் பெரிதாகப் பேசப்பட்ட முட்டுக்கட்டை, லிடில் சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடும், அந்த மென்பொருளின் வழக்கமான அமைப்பு விற்பனை விலையில் மதிப்பிடும். இன்வென்டரி வேல்யூவேஷன். உங்கள் முதல் வருடப் பாடம்.

நம் ஊரில் எந்த கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போனாலும் முதல் மாதமே உங்களைப் பிடிக்கப் போவது ஜிஎஸ்டி. சட்டம் படித்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். உண்மையில் நீங்கள் அங்கே செய்வது தரவு ஒப்பீடு. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐ (விற்பனை விவரம்) அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டும், 14-ஆம் தேதி உங்களுக்கு 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வரும், 20-ஆம் தேதி நீங்கள் 3பி (மாத ரிட்டர்ன்) போட்டு வரி கட்ட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் காட்டாத பில்லுக்கு உங்களுக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. ஆக, 14-க்கும் 20-க்கும் நடுவில் உங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். சப்ளையர் பில் எண் 000127, யாரோ எக்செலில் திறந்ததால் முன்னால் இருந்த மூன்று பூஜ்ஜியம் போய் வெறும் 127 ஆகியிருக்கும். எக்செலில் தேடிப் பொருத்துகிற விலுக்அப் ஃபார்முலா போட்டால் "இல்லை" என்று சொல்லும். உங்கள் ஆள் ஒரு சாய்வுக்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டிருப்பார், அதுவும் "இல்லை". பில் இருக்கிறது, வரி கட்டியாயிற்று, ஆனால் பொருந்தவில்லை, கிரெடிட் அடுத்த மாதம் போகிறது, இந்த மாதம் கையிலிருந்து காசு கட்ட வேண்டும். நல்ல லாபத்தில் ஓடும் கம்பெனி 20-ஆம் தேதி ஓடி (வங்கி ஓவர்டிராஃப்ட்) பணத்துக்கு அலைவதன் பின்னால் சில சமயம் மூன்று பூஜ்ஜியங்கள் இருக்கும். எண் போலத் தெரிவதெல்லாம் எண் கிடையாது, பில் எண்ணை டெக்ஸ்டாகத்தான் வைக்க வேண்டும் என்று இந்தப் பேப்பரில் டேட்டா டைப் பாடத்தில் அரைப் பக்கம் இருக்கும், எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கெல்லாம் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு தளத்தில் பதிவு செய்வது) கட்டாயம். அதனால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது, சின்ன சப்ளையர்களிடம் வாங்குகிற இடங்களில் அப்படியே இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் போன கதை. மனிதர்கள் போன கதை ஒன்று இருக்கிறது. "எனக்கு சிஸ்டம் புரியத் தேவையில்லை, ஐடி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்கிற எதிர்கால மேனேஜர் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

பிரிட்டனில் தபால் நிலையங்களைப் பெரும்பாலும் தனிநபர்கள் ஒப்பந்தத்தில் நடத்துவார்கள், பக்கத்திலேயே ஒரு சின்னக் கடையும் இருக்கும். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு சிஸ்டத்தைக் கொடுத்தார்கள், செய்தது ஃபுஜிட்சு குழுமம். சாயங்காலம் கணக்கு முடித்தால் பல இடங்களில் பணம் குறைந்தது. ஒப்பந்தப்படி குறைந்ததை நடத்துபவரே கட்ட வேண்டும். வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. தபால் நிறுவனம் தானே தொடுத்த வழக்குகளில் மட்டும் 700-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், மற்ற அமைப்புகள் போட்டதையும் சேர்த்தால் 900-ஐத் தாண்டும். சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். குறை மென்பொருளில் இருந்தது.

ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் நடந்த ஒன்றைப் பாருங்கள். ஒரு கிளையிலிருந்து அதன் துணைக்கிளைக்கு 8,000 பவுண்ட் மாற்ற வேண்டும். திரை அசையாமல் நின்றது. நடத்துபவர் என்டரை மறுபடி மறுபடி அழுத்தினார், நாமும் அதைத்தான் செய்வோம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இன்னொரு 8,000 பதிவாகி 32,000 ஆயிற்று. கையில் இல்லாத 24,000 பவுண்ட் கணக்கில் வந்து நின்றது. இது 2015-ல். இது மாதிரிப் பல கோளாறுகள். கிளைகளின் கணக்குக்குள் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஃபுஜிட்சு ஊழியர்களால் நுழைய முடிந்தது என்பது பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது. தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டு, 2019 டிசம்பரில்தான் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது.

அந்த நிறுவனத்தில் முடிவெடுத்தவர்கள் எல்லாம் நன்றாகப் படித்த மேனேஜர்கள், வக்கீல்கள், ஃபைனான்ஸ் ஆட்கள். எத்தனையோ ஊர்களில், பல வருடம் ஒழுங்காகக் கடை நடத்தியவர்கள், ஒரு புதிய சிஸ்டம் வந்த பிறகு மொத்தமாகத் திருடர்கள் ஆகிவிட்டார்களா என்ற கேள்வி ஒரு பி.காம் மாணவருக்கே தோன்ற வேண்டும். அதைக் கேட்பதற்கு ஜாவா தெரிய வேண்டாம். மென்பொருள் என்பது மனிதர்கள் எழுதியது, ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை பதிவாகலாம், லைன் நடுவில் அறுந்தால் பாதி பதிவாகலாம், அதனால் லாக்கைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அந்தளவு தெரியாத ஒருவர் அதிகாரத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இதை எழுதும்போது கூட எனக்குக் கோபம் வருகிறது.

"இனிமேல் ஏஐ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமே" என்று அடுத்து கேட்பீர்கள். ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், உறவினர் இறந்ததால் பயணம் செய்த ஒருவரிடம், பயணம் முடிந்த பிறகும் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தப்பாகச் சொல்லிவிட்டது. பணம் தர மறுத்த நிறுவனம், சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்று வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, இணையதளத்தில் இருப்பதற்கெல்லாம் நிறுவனம்தான் பொறுப்பு என்று சொல்லிப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் சலுகை விதி எந்தக் கோப்பில் இருக்கிறது, பாட் எதைப் படிக்கிறது, விதி மாறினால் பாட்டுக்கு யார் சொல்வது என்பதெல்லாம் அந்த நிறுவனத்தில் யாரோ ஒரு பிசினஸ் ஆளின் வேலையாக இருந்திருக்க வேண்டும். ஏஐ வர வர இந்த வேலை கூடத்தான் செய்யும்.

அப்படியானால் எதைப் படிப்பது? பேப்பரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் படிக்க வேண்டாம். நெட்வொர்க் டோபாலஜி, கம்ப்யூட்டர் தலைமுறைகள், சிஸ்டம் வகைகளின் பெயர்ப்பட்டியல், இதையெல்லாம் மார்க்குக்குப் படித்துவிட்டுப் போங்கள். டேட்டாபேஸ் பாடத்தில் மட்டும் நன்றாக உட்காருங்கள். மாஸ்டர் என்றால் என்ன, டிரான்ஸாக்‌ஷன் என்றால் என்ன, ஒரு கஸ்டமரை இரண்டு பெயரில் உருவாக்கினால் கிரெடிட் லிமிட் ஏன் இரட்டிப்பாகிறது, பான் எண் மாதிரி ஒன்றை பிரைமரி கீயாக (ஒரே மதிப்பு இரண்டு முறை வர விடாத கட்டமாக) வைத்தால் அதை எப்படித் தடுக்கலாம் என்று புரிந்துகொண்டாலே பாதி வந்துவிட்டது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், செலக்ட், குரூப் பை, ஜாயின் மூன்றும் தெரிந்தால் ஆடிட்டரும் மேனேஜரும் வேறு யாரையும் கெஞ்சாமல் தங்களுக்கு வேண்டிய ரிப்போர்ட்டை எடுக்கலாம். கோடை விடுமுறையில் முடித்துவிடலாம், இலவசமாகவே கிடைக்கிறது.

அப்புறம் இன்டர்னல் கன்ட்ரோல் பாடத்தை ஆடிட்டிங் புத்தகத்தில் தனியாகவும் இதைத் தனியாகவும் படிக்காதீர்கள். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த பதிவு, சப்ளையர் பில் மூன்றும் பொருந்தினால்தான் பணம் என்று அங்கே படிக்கிறீர்கள். இஆர்பியில் அது ஒரு செட்டிங், எத்தனை ரூபாய் வித்தியாசம் வரை தானாகப் பாஸ் ஆகலாம் என்று அங்கேயும் ஒரு கட்டம் இருக்கும். புது சப்ளையரை உருவாக்குகிறவரும் அவருக்குப் பணம் அனுப்புகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று அங்கே படிக்கிறீர்கள். இங்கே அது யூசர் ரைட்ஸ் திரையில் இரண்டு டிக் மார்க். நான் பார்த்த நிறுவனங்களில் அந்த இரண்டு டிக்கும் ஒரே பெயருக்கு எதிரே இருந்த இடங்கள்தான் அதிகம், பெரும்பாலும் நம்பிக்கையான பழைய ஊழியர், லீவே எடுக்காதவர்.

ப்ராஜெக்ட் செய்ய வேண்டி வந்தால் பெரிய கம்பெனி தேடி அலையாதீர்கள். தெரிந்தவர் மருந்துக்கடைக்குப் போய் நாலு நாள் பில்லிங் மேஜை பக்கத்தில் நில்லுங்கள். ஒரே மாத்திரைக்கு இரண்டு பேட்ச் இருக்கும்போது எந்த பேட்சை பில் முதலில் எடுக்கிறது, எக்ஸ்பைரி தேதியை யார் ஏற்றுகிறார்கள், தேதி தாண்டியதைத் திரும்ப அனுப்பினால் கிரெடிட் நோட் எங்கே வருகிறது, சாயங்காலம் யுபிஐயில் வந்த பணத்தை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தகவலை இரண்டு முறை கையால் அடிக்கும் இடங்களை எல்லாம் தனியாக எழுதுங்கள், தப்பு அங்கேதான் நுழையும். கேள்வித்தாள் கொடுத்து நூறு பேரிடம் சர்வே எடுத்தால்தான் ப்ராஜெக்ட் என்று சொல்கிற கல்லூரியாக இருந்தால் உங்கள் கைடிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், கேஸ் ஸ்டடி என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.